உதவி தேவை: 1985 லைவ் எய்ட், வீட்டில் பதிஞ்ச விஎச்எஸ் கேசட். படம் சரியுது, சத்தம் பிந்துது

ஹாரோபொடியன்:

வணக்கம் எல்லாருக்கும். என்ர பெரியப்பா 1985 யூலை 13, லைவ் எய்ட் (எத்தியோப்பியப் பஞ்சத்துக்குக் காசு சேர்க்க லண்டன் வெம்பிளியிலயும் அமெரிக்காவில பிலடெல்பியாவிலயும் ஒரே நாளில வச்ச இசைவிழா) நடந்த அண்டைக்கு, பிபிசியில போனதை மத்தியானத்தில இருந்து விடிய விடிய வீடியோ கேசட்டுகளில பதிஞ்சு வச்சவர். அப்ப வெம்பிளியிலதான் வாடகைக்கு இருந்தவை. ஸ்டேடியத்துக்குப் போக டிக்கெட் காசு இல்லை, பதிலுக்கு டெக்குக்கு முன்னால காவல் இருந்தாராம். கேசட் எல்லாத்தையும் இப்ப என்னட்டத் தந்திட்டார். கொம்பியூட்டரில ஏத்தித் தாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்.

என்னட்ட இருக்கிறது: பழைய சாமான் சந்தையில வாங்கின பிஏஎல் (இங்கிலாந்து டிவி முறை) வீடியோ டெக் (படத்தைத் தெளிவாத் தாற எஸ்-வீடியோ சொருகி இல்லை, ஸ்கார்ட் எண்ட பெரிய ஐரோப்பியச் சொருகி மட்டும்), ஸ்கார்ட்டில இருந்து மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர், வீடியோவைக் கொம்பியூட்டருக்குள்ள ஏத்திற, பேரே இல்லாத ஒரு யூஎஸ்பி கப்சர் குச்சி, விண்டோஸ் லாப்டொப். குச்சியோட வந்த மென்பொருளிலதான் பதியுறன், எம்பி4 ஆ வருது. கேசட் எல்லாம் ஈ-180, லேபிளில "எல்பி" எண்டு பேனையால எழுதிக் கிடக்கு.

படத்தின்ர மேல் விளிம்பு, ஒரு விரல் அகலத்துக்கு, வலப்பக்கம் சரிஞ்சு துடிக்குது. நேர டிவியில போட்டா அவ்வளவு தெரியேல்லை, கொம்பியூட்டரிலதான் மோசம். சத்தம் தொடக்கத்தில சரி, போகப் போகப் பிந்துது. லெட் செப்பலின் குழு வாற இடத்தில வாய் மூடின பிறகு பாட்டுக் கேக்குது.

இதுக்கு மேல கேசட்டே பழுதோ எண்டும் சந்தேகம். தி ஹூ குழு "மை ஜெனரேஷன்" பாடேக்க நடுவில ஒளிபரப்பே போயிட்டுது. பால் மெக்கார்ட்னி "லெட் இட் பி" பாடுறார், பியானோ கேக்குது, குரல் இல்லை. பிலடெல்பியாவில இருந்து வாற பகுதி முழுக்க ஆக்கள் அசையேக்க பின்னால ஒரு நிழல் இழுபடுது. டுரான் டுரான் குழுவின்ர பாட்டில ஓரிடத்தில சத்தம் கிறீச்செண்டு உடையுது. இன்னொரு கேசட்டை நான் டெக்கில போடவே இல்லை, கண்ணாடிக்குள்ள வெள்ளையாப் பொடி மாதிரித் தெரியுது.

எங்க தொடங்கிறது எண்டு சொல்லுங்கோ.

நாடாப்பித்தன்:

தம்பி, நீங்க சொன்னதுல பாதிக்கு உங்க கேசட் பொறுப்பே இல்லை. அன்னைக்கு நடந்ததே அப்படித்தான். எது கேசட்டோட கோளாறு, எது அந்த நாளோட கோளாறுன்னு முதல்ல பிரிச்சுக்கணும். இல்லேன்னா நல்லா இருக்கிறதைப் போய்ச் சரி பண்ணிக்கிட்டு இருப்பீங்க.

தி ஹூ பாடும்போது ஒளிபரப்பு நிஜமாவே அறுந்தது. உலகம் முழுக்க யார் பதிஞ்ச கேசட்டுலயும் அந்த ஓட்டை இருக்கும். மெக்கார்ட்னியோட மைக் முதல் ரெண்டு நிமிஷம் வேலை செய்யலை. கூட்டம்தான் பாடிக் காப்பாத்துச்சு. டுரான் டுரான்ல உடைஞ்சது சத்தம் இல்லை, பாடகரோட குரல். "எ வியூ டு எ கில்" பாட்டுல சைமன் லெ பான் உச்சத்துக்குப் போய் வழுக்கின அந்த ஒரு சுரத்தை இன்னைக்கும் ஆளுங்க கேலி பண்றாங்க.

பிலடெல்பியா நிழலுக்குக் காரணம் வேற. அமெரிக்காவுல டிவி முறை என்டிஎஸ்சி: 525 வரி, நொடிக்கு 60 ஃபீல்டு (ஃபீல்டுன்னா பாதிப் படம், ரெண்டு சேர்ந்தா ஒரு முழு ஃபிரேம்). இங்கிலாந்துல பிஏஎல்: 625 வரி, 50 ஃபீல்டு. செயற்கைக்கோள் வழியா வந்த படத்தை இந்தக் கரையில ஓடுற ஓட்டத்துலயே மாத்தி ஒளிபரப்பினாங்க. 60ஐ 50ஆக்கும்போது பக்கத்துப் பக்கத்து ஃபீல்டுகளைக் கலந்துதான் ஆகணும், அந்தக் கலப்புதான் நிழல். வெம்பிளி மேடைப் பகுதியையும் பிலடெல்பியாவோட ஜேஎஃப்கே ஸ்டேடியம் பகுதியையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்க. வெம்பிளி வழவழன்னு ஓடும், அமெரிக்கா தத்தித் தத்தி ஓடும். எந்த ஃபில்டர் போட்டாலும் போகாது. விட்டுடுங்க.

இன்னொண்ணு. 2004ல வந்த நாலு டிஸ்க் டிவிடியில தி ஹூ ரெண்டே பாட்டு, அதுல "மை ஜெனரேஷன்" கிடையாது. மெக்கார்ட்னி பாட்டுல, அவர் பின்னாடி பதிஞ்ச குரலை ஒட்டிட்டாங்க. லெட் செப்பலின் அனுமதியே தரலை, அவங்க பகுதி மொத்தமா இல்லை. அந்த டிவிடி வர்ற வரைக்கும் பத்தொன்பது வருஷம் கடையில வாங்குற மாதிரி ஒரு வீடியோவும் வரலை. உங்க பெரியப்பா மாதிரி ராத்திரி முழிச்சவங்க கேசட்டுதான் கைக்குக் கை போச்சு. அதனால குரல் இல்லாத அந்த ரெண்டு நிமிஷத்தைத் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க.

இப்ப நிஜக் கோளாறுகளுக்கு வருவோம். ரெண்டும் ஒரே வேர்தான். எல்பின்னா லாங் ப்ளே, அதுல நாடா பாதி வேகத்துல ஓடும், மூணு மணி நேர ஈ-180ல ஆறு மணி நேரம் பதியும். அதனால தடம் ஒல்லி. நாப்பது வருஷத்துல நாடாவும் கொஞ்சம் இழுபட்டிருக்கும். ஒவ்வொரு வரியும் வர வேண்டிய நேரத்துக்குச் சரியா வராது. பழைய குழாய் டிவி அதைப் பொறுத்துக்கும், கப்சர் குச்சி பொறுத்துக்காது. மேல் விளிம்பு சரியறது அதனாலதான். நேரம் ரொம்பத் தப்பினா குச்சி அந்த ஃபிரேமையே தூக்கிப் போட்டுடும். சத்தம் மட்டும் நிக்காம பதிவாகும். ஃபிரேம் குறையக் குறைய படம் முந்தும், சத்தம் பிந்தும்.

ஒரு சோதனை பண்ணுங்க. சத்தம் சீரா, கொஞ்சம் கொஞ்சமாப் பிந்துதா? இல்லை, சில இடங்கள்ல திடீர்னு குதிக்குதா? சீராப் போனா குச்சியோட ஆடியோ கடிகாரம் பிசகு, கடைசியில நீளத்தை ஒட்டுமொத்தமா மாத்தினாப் போதும். குதிச்சா ஃபிரேம் உதிருது.

கோவைரீல்:

நடுவுல புகுந்து கேக்கறதுக்கு மன்னிக்கணுங்க. மாமனார் லண்டன்ல இருந்து கொண்டு வந்த டெக் ஒண்ணு எங்க வீட்ல இருக்குது. ஆன்டெனா வயர்ல டிவிக்குக் குடுத்தா படம் நல்லா வருது, சத்தம் மட்டும் வெறும் இரைச்சல். டெக் போச்சுங்களா?

நாடாப்பித்தன்:

போகலைங்க. இங்கிலாந்து பிஏஎல்-ல சத்தம் படத்துல இருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும், நம்ம ஊர்ல 5.5. டிவி தப்பான இடத்துல காது குடுத்துக்கிட்டு இருக்கு. ஆன்டெனா வயரை விட்டுட்டு ஏவி வயர்ல குடுங்க, சரியாயிடும்.

ஹாரோபொடியன்:

நாடாப்பித்தன் அண்ணை, மிச்சம் நன்றி. சத்தம் குதிக்குதுதான். ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில, நாடா கொஞ்சம் கசங்கின இடங்களில, சடாரெண்டு பிந்துது. இதுக்கு என்ன வாங்கோணும்? டிபிசி (வரிகளின்ர நேரத்தைச் சரி பண்ணுற பெட்டி) எண்டு தேடினா விலையைப் பாத்து நெஞ்சடைக்குது.

நாடாப்பித்தன்:

அந்த விலைக்குப் போக வேண்டாம். பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 இல்லைன்னா இஎஸ்15ன்னு ஒரு பழைய டிவிடி ரெக்கார்டர், அங்கே செகண்ட்ஹேண்டுல கிடைக்கும். டிவிடி பதியற பாகம் செத்திருந்தாலும் பரவாயில்லை, நமக்கு அது தேவையில்லை. டெக்ல இருந்து ஸ்கார்ட் வழியா அதுக்குள்ளே விட்டு, அதுல இருந்து எஸ்-வீடியோவில வெளியே எடுத்து கப்சருக்குக் குடுங்க. பெட்டியை ஆன் பண்ணி, ஏவி இன்புட்டைத் தேர்ந்தெடுத்து வெச்சிருக்கணும். உள்ளே வரும் வரிகளை அது ஒழுங்குபடுத்தித்தான் வெளியே விடும். மேல் விளிம்பு நிமிர்ந்துடும், ஃபிரேம் உதிர்றதும் அநேகமா நின்னுடும்.

குச்சியோட வந்த மென்பொருளைத் தூக்கிடுங்க. விர்ச்சுவல்டப்னு ஒரு மென்பொருள் போடுங்க, பதியும்போதே எத்தனை ஃபிரேம் உதிர்ந்துச்சு, எத்தனை சேர்த்துச்சுன்னு ஓரத்துல எண்ணிக் காட்டும். 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ் (ஃபீல்டு ஃபீல்டா வர்ற முறை) அப்படியே. தரம் குறையாம சுருக்கற ஹஃப்யூவ் கோடெக்ல பதிஞ்சா மணிக்கு 30 ஜிபி பக்கம் போகும், வெளி டிஸ்க் ஒண்ணு வாங்கிடுங்க. எம்பி4 எல்லாம் கடைசியில. அப்ப இன்டர்லேஸை எடுக்கற க்யூடிஜிஎம்சி ஃபில்டர் போட்டு 50 முழு ஃபிரேமா மாத்துங்க. 25ஆ மாத்தினா கிதார் வாசிக்கிற கையோட ஓட்டத்துல பாதி போயிடும். படத்தோட அடியில ஒரு கோடு கிழிஞ்சு ஓடும், அது நாடாவைப் படிக்கிற ஹெட் மாறும் இடம், எல்லா விஎச்எஸ்லயும் உண்டு. மூலப் பதிவுல வெட்டாதீங்க.

மயிலைபீரோ:

அந்த வெள்ளைப் பொடி கேசட்டைப் பத்தி யாரும் சொல்லலையே! தம்பி, அதை எந்தக் காரணம் கொண்டும் டெக்ல போடாதீங்க. அது ஃபங்கஸ். சென்னையில ஒரு மழைக்காலம் பீரோவுல இருந்தாலே வந்துடும். ஒரு தடவை ஓடினா ஹெட் டிரம், ரோலர் எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டு அடுத்துப் போடற நல்ல கேசட்டுக்கும் போயிடும்.

முதல்ல தனி கவர்ல போட்டு மத்ததுகிட்ட இருந்து பிரிச்சு வைங்க. பக்கவாட்டுல இருக்கற சின்னப் பொத்தானை அழுத்தினா முன் மூடி திறக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க. பொடி சுருளோட விளிம்புல மட்டும் இருந்தா பிழைச்சுக்கும். வேலை பால்கனியில, முகக்கவசத்தோட. இந்தப் பொடி நுரையீரலுக்கு ஆகாது. பின்பக்கம் அஞ்சு திருகாணி. கழட்டினா ரெண்டு சுருளும் வெளியே வந்துடும். எது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு போன்ல படம் எடுத்து வெச்சுக்கோங்க, சின்னச் சின்ன ஸ்பிரிங் இருக்கு. நாடாவைத் துடைக்க, உங்களுக்கு முக்கியமில்லாத ஒரு ஓட்டை டெக்கை மூடி இல்லாம வெச்சு, நாடா போற வழியில பஞ்சு வராத துணியை மெதுவாப் பிடிச்சு, வேகமா முன்னும் பின்னும் சுத்த விடறதுதான் வழக்கம். அந்த டெக்கை அதுக்கப்புறம் வேற எதுக்கும் தொடாதீங்க.

ஹெட் துடைக்கற விஷயத்துலதான் நிறைய பேர் டெக்கைக் கெடுத்துக்கறாங்க. காது குடையற பஞ்சு வேண்டவே வேண்டாம், இழை மாட்டி ஹெட் முனை உடையும். மெல்லிய தோல் சுத்தின குச்சி கிடைக்கும், ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில நனைச்சுக்கோங்க. குச்சியை டிரம் மேல அசைக்காம வெச்சுட்டு, இன்னொரு கையால டிரம்மோட தலையைச் சுத்துங்க. மேலும் கீழும் தேய்க்கக் கூடாது. கறுப்பு வர்றது நிக்கற வரைக்கும் செய்யுங்க. நல்லா காஞ்ச பிறகுதான் கேசட்.

ஸ்காபரோஅக்கா:

நான் அந்தக் காலத்தில ரொறன்ரோவில இருந்து பாத்தனான். ஜேஎஃப்கேயில லெட் செப்பலின் ஏறேக்க எங்களுக்கு இரவு எட்டு மணி தாண்டினது, லண்டனில ஒரு மணி தாண்டியிருக்கும். உங்கட பெரியப்பா உண்மையாவே விடிய விடிய முழிச்சிருக்கிறார். வாசிப்பு அவ்வளவு நல்லமில்லை, பாடகர் ரொபர்ட் பிளாண்டுக்குக் குரல் அடைச்சிருந்தது. பின்னால பில் கொலின்ஸ் ட்ரம்ஸ், வெம்பிளியில பாடிப்போட்டு கொன்கோர்ட் விமானத்தில ஏறி வந்தவர்.

ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு பிபிசி ரேடியோ 1 ஸ்டீரியோவில ஒலிபரப்பினது. டிவியில மோனோதான். பெரியப்பா ரேடியோவை ஓடியோ கசெட்டில பதிஞ்சவரோ? இருந்தா டிவிச் சத்தத்தை எடுத்துப்போட்டு அதைப் போடலாம்.

ஹாரோபொடியன்:

அக்கா, கேட்டுப் பாத்தன். பெரியப்பா பதியேல்லையாம், ஆனா அவரோட அறையில இருந்த சிநேகிதர் பதிஞ்சவராம். ரெண்டு சி-90 கிடக்கு, குயின் குழு பாடினதில இருந்து இரவு பத்து மணி அளவு மட்டும். பக்கம் திருப்பின இடங்களில ஓட்டை.

நாடாப்பித்தன்:

சேர்க்கலாம், ஆனா மோனோவை எடுத்துடாதீங்க. எம்கேவி கோப்புல ரெண்டு ஆடியோவும் தனித்தனித் தடமா வைங்க, பார்க்கறவங்க விருப்பம். ஆடியோ கேசட்டோட வேகம் நிச்சயம் கொஞ்சம் பிசகும், அதனால ஒவ்வொரு பாட்டையும் தனியா வெட்டி, முதல் ட்ரம் அடியையும் கடைசி அடியையும் பொருத்தி நீளத்தைச் சரி பண்ணணும். திருப்பின ஓட்டையில மோனோவையே விடுங்க. எனக்குக் கேட்டா கூட்டத்தோட சத்தம் மோனோவுலதான் சேர்ந்து கேக்கும், அது என் பிடிவாதம்.

ஹாரோபொடியன்:

வந்து சொல்லோணும் எண்டு நினைச்சன். டிஎம்ஆர்-இஎஸ்10 ஒண்டு எடுத்தன், தட்டுத் திறக்காததால மலிவு. படம் நிமிர்ந்திட்டுது! விர்ச்சுவல்டப்பில முழுக் கேசட்டுக்கும் உதிர்ந்த ஃபிரேம் கைவிரல் விட்டு எண்ணலாம், சத்தம் கடைசி வரை ஒட்டிக்கொண்டு நிக்குது. கப்சருக்குப் பழைய குச்சியை மாத்தி ஜிவி-யூஎஸ்பி2 எண்ட குச்சி போட்டன்.

லெட் செப்பலின்ர ஜிம்மி பேஜ் "ஸ்டெயர்வே" பாட்டைத் தொடங்கேக்க கிதார் சுருதி விலகிக் கேக்குது. இது எந்தக் கோளாறு?

நாடாப்பித்தன்:

அந்த நாளோட கோளாறு. டிவிடிக்கு ஏன் அனுமதி தரலைன்னு இப்பப் புரியுதா?

மயிலைபீரோ:

ஃபங்கஸ் கேசட்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. எல்லாக் கேசட்டோட முதுகுலயும் இடது ஓரத்துல ஒரு சின்ன பிளாஸ்டிக் தாழ் இருக்கும், அது உடைஞ்சிருக்கான்னு பாருங்க. இல்லேன்னா ஸ்க்ரூடிரைவரால நெம்பி உடைச்சுடுங்க. டெக்ல கை தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினா செப்பலின் அழிஞ்சு வெறும் திரைதான் பதிஞ்சிருக்கும்.

ஹாரோபொடியன்:

பாத்தன், எல்லாத்திலயும் அண்டைக்கே உடைச்சு வச்சிருக்கிறார். ஓட்டை டெக் ஒண்டு தேடிக்கொண்டிருக்கிறன், லண்டன் பக்கம் ஆரும் எறியக் கிடந்தா தனிமடலில சொல்லுங்கோ.