கியோட்டோவில் ஒரே நாள்: நிலையத்தைச் சுற்றி நடப்பதா, ஃபுஷிமிக்கு ஓடுவதா?

நடைவண்டி:
வேலை விஷயமாக ஒசாகா வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கிடைத்தால் கியோட்டோ போகிறார்கள். எல்லோர் கையிலும் ஒரே பட்டியல்: காலையில் ஃபுஷிமி இனாரி கோயில், மதியம் கியோமிசு கோயில், சாயங்காலம் அரஷியாமா மலையடிவாரம். பாதி நாள் பஸ் வரிசையில் போய்விடுகிறது. நான் சொல்வது, பெட்டியை லாக்கரில் போட்டுவிட்டு கியோட்டோ ரயில் நிலையத்தைச் சுற்றியே நடங்கள். பஸ்ஸே ஏற வேண்டாம்.

கரசுமா வாசலில் இறங்கி வடக்கே பத்து நிமிஷம் நடந்தால் ஹிகாஷி ஹோங்கான்ஜி என்ற புத்தக் கோயில். கட்டணம் கிடையாது. அதன் பெரிய மண்டபம் 76 மீட்டர் அகலம், 38 மீட்டர் உயரம், அத்தனையும் மரம். திரும்பத் திரும்ப எரிந்துபோய், கடைசியாக 1895-இல் எழுப்பியது. உத்தரங்களை இழுக்கும்போது சாதாரணக் கயிறு அறுந்துபோகிறது என்று, நாடெங்கும் பெண்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்தார்கள். சணலோடு சேர்த்துத் திரித்து 53 வடங்கள் வந்து சேர்ந்தன. அதில் ஒன்றை இந்த மண்டபத்துக்கும் பக்கத்து மண்டபத்துக்கும் நடுவில் கண்ணாடிக்குள் தேர்வடம் மாதிரி சுருட்டி வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் முடி இழை இழையாகத் தெரியும். முடி காணிக்கை நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்த முடியே கோயிலைத் தூக்கி நிறுத்தியது என்று நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

கான்சாய்க்காரன்:
இங்க ஏழு வருஷமா இருக்கேன் நண்பரே, இதை ஒத்துக்க முடியாது. ஃபுஷிமிக்கு பஸ் எதுக்கு? அதே நிலையத்துல நாரா லைன் ரயில் ஏறினா ரெண்டாவது ஸ்டாப், அஞ்சு நிமிஷம். கோயில் 24 மணி நேரமும் திறந்திருக்கு, டிக்கெட் இல்லை. 233 மீட்டர் மலை மேல வரைக்கும் சிவப்புத் தோரண வாசல் வரிசையா போயிட்டே இருக்கும். முதல் தடவை வர்றவங்ககிட்ட அதை விட்டுடுங்கன்னு சொல்றது, மதுரைக்கு வந்தவரை மீனாட்சி அம்மனைப் பார்க்க விடாம ஜங்ஷன் பக்கம் சுத்திட்டுப் போங்கன்னு சொல்ற மாதிரி. நிலையத்தைச் சுத்தி என்ன இருக்கு? ஓட்டல், சிக்னல், கான்கிரீட். ஆகஸ்ட்ல 37 டிகிரியில அந்த ரோட்டுல நடந்து பாருங்க.

நடைவண்டி:
வெயில் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆகஸ்டில் நான் யாரையும் எங்கும் நடக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மதுரை உவமை தலைகீழாக இருக்கிறது. 794-இல் தலைநகரைக் கட்டம் கட்டமாக அமைத்தபோது கிழக்கு மேற்காகப் போன பெருவீதிகளுக்கு எண் வைத்தார்கள். நிலையத்தின் தெற்கு வாசல் பெயர் ஹாச்சிஜோ, அதாவது எட்டாம் வீதி. அடுத்த குஜோ ஒன்பதாம் வீதி, அதுதான் நகரத்தின் தெற்கு எல்லை. நிலையம் நிற்பது பழைய நகரத்துக்குள்ளே. ஃபுஷிமியும் கியோமிசுவும் அரஷியாமாவும் எல்லைக்கு வெளியே. உங்கள் கணக்கிலேயே சொன்னால் இது மாசி வீதி, ஃபுஷிமி திருப்பரங்குன்றம்.

அந்தக் குஜோவில்தான் தோஜி இருக்கிறது. ஹாச்சிஜோ வாசலிலிருந்து 15 நிமிஷம். 796-இல் தொடங்கிய கோயில், 823-இல் கூகாய் என்ற துறவி கைக்கு வந்தது. பழைய தலைநகரின் கோயில்களில் அன்றைய இடத்திலேயே இன்றும் இருப்பது இது ஒன்றுதான். ஐந்தடுக்குக் கோபுரம் ஏறக்குறைய 55 மீட்டர், ஜப்பானிலேயே உயரமான மரக் கோபுரம். இப்போதிருப்பது 1644-இல் கட்டியது.

கோபுரத்தைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கோதோ மண்டபத்துக்குள் போங்கள். மங்கிய வெளிச்சத்தில் 21 சிலைகள், அதில் 15 ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒரு ஓரத்தில் யானை மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தாய்ஷாகுதென் என்கிறார்கள், நம் இந்திரன். இன்னொரு ஓரத்தில் நான்கு அன்னங்கள் தாங்கும் தாமரையில் நான்முகன். யாரும் விளக்கம் சொல்லாமலே நமக்கு அடையாளம் தெரிகிறது. உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பது நல்லதாய்ப் போயிற்று, நின்று பார்க்கிறோம்.

கான்சாய்க்காரன்:
தோஜி சிலைகளுக்கு நானும் தலைவணங்குறேன், அதுல சண்டையே இல்லை. ஆனா நகரத்துக்குள்ளே, வெளியேங்கிறது வரைபடத்துல இருக்கிற பெருமை. அதே பழைய நகரத்தோட தெற்கு வாசல் ராஜோமோன் இருந்த இடத்தைப் பார்க்கணும்னு தோஜியிலேர்ந்து மேற்கே நடந்தேன். குழந்தைங்க விளையாடுற சின்னப் பூங்கா, நடுவுல ஒரு கல் தூண். அவ்வளவுதான். ஊர்லேர்ந்து வந்த அப்பா அம்மாவை அங்க கூட்டிட்டுப் போய் எதைக் காட்டுறது? ஒரே நாள் இருக்கிறவங்களுக்குக் கண்ணுக்கு நிறைவா ஏதாவது வேணும்.

இரு பிள்ளைத் தாய்:
ரெண்டு பேருக்குமே பதில் சொல்றேன். அக்டோபர்ல மாமியாரோட போனோம், 68 வயசு, முழங்கால் வலி. சின்னவனுக்கு ஆறு வயசு. முதல்ல கியோமிசு போகலாம்னு பஸ்ஸுக்கு நின்னோம். ரெண்டு பஸ் நிறைஞ்சு வந்துது, ஏறவே முடியலை. சரின்னு நடந்து நிஷி ஹோங்கான்ஜி கோயிலுக்குப் போனோம். அத்தை செருப்பைக் கழட்டிட்டுப் பாய் மேல உட்கார்ந்தாங்க. முக்கால் மணி நேரம். எழுந்திருங்கன்னு ஒருத்தரும் சொல்லலை. நம்ம ஊர்க் கோயில் மண்டபத்துல தூண்ல சாய்ஞ்சு உட்கார்ற மாதிரி இருக்குன்னாங்க.

சின்னவன் திண்ணைப் பலகையில தவழ்ந்துட்டு இருந்தான். என்னடான்னு பார்த்தா, பலகையில ஓட்டை விழுந்த இடத்தையெல்லாம் வேற மரத்துண்டு வெச்சு அடைச்சிருக்காங்க. சும்மா சதுரமா இல்லை. ஒண்ணு சுரைக்காய், ஒண்ணு விசிறி, ஒண்ணு ஃபூஜி மலை. விரலால தடவினா விளிம்பே தெரியலை, அவ்வளவு கச்சிதம். தச்சர் யாரோ ரசிச்சு செஞ்சிருக்கார்.

ஆனா நடைவண்டி அண்ணா, பஸ்ஸே வேண்டாம்னு பொத்தாம் பொதுவா எழுதாதீங்க. கிழக்கே சான்ஜூசாங்கென்தோ கோயிலுக்கு மேப் 20 நிமிஷம்னு காட்டுச்சு. எங்களுக்கு 45 ஆச்சு. உள்ளே கருணைக்கான போதிசத்துவர் கன்னோனோட 1001 சிலைங்க, முன் வரிசையில புல்லாங்குழல் ஊதுற கருடன், எல்லாம் அற்புதம்தான். ஆனா அத்தை பாதியை ஒரு பெஞ்சுல இருந்தேதான் பார்த்தாங்க. கோயில் முற்றமெல்லாம் சரளைக் கல் வேற. வயசானவங்க வந்தா டாக்ஸி பிடிங்க.

நடைவண்டி:
ஒப்புக்கொள்கிறேன் அம்மா. என் காலை வைத்தே எல்லோருடைய காலையும் அளந்துவிட்டேன். மேலே எழுதியதைத் திருத்திப் படியுங்கள்: வடக்கும் தெற்கும் நடை, கிழக்கே போவதானால் வண்டி.

தூண்நிழல்:
எல்லாரும் நிலையத்தைச் சுற்றியே பேசுகிறீர்கள், நிலையத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இப்போதுள்ள கட்டடம் 1997-இல் திறந்தது, ஹாரா ஹிரோஷி வடிவமைத்தது. 60 மீட்டர் உயரம் இந்த ஊருக்கு அதிகம் என்று அப்போது பெரிய எதிர்ப்பே இருந்தது. உள்ளே நுழைந்தால் ஒரு பள்ளத்தாக்கின் அடியில் நிற்பது போல இருக்கும். மேற்குப் பக்கம் 171 படிகள் மொட்டைமாடி வரை ஏறுகின்றன (எஸ்கலேட்டரும் உண்டு). 45 மீட்டர் உயரத்தில் ஒரு நடைபாலம், அதுவும் இலவசம். அங்கிருந்து 1964-இல் கட்டிய 131 மீட்டர் கியோட்டோ டவர் எதிரிலேயே தெரியும். மழை நாளில் நான் வெளியே போகவே மாட்டேன், இதுவே போதும்.

நடைவண்டி:
இதில் மட்டும் உங்களோடு சேர முடியாது. உள்ளிருந்து அழகுதான். வெளியே நின்று பாருங்கள், ஊரின் தெற்கையும் வடக்கையும் சுவர் வைத்துப் பிரித்த மாதிரி நீளமாகக் கிடக்கிறது.

தூண்நிழல்:
பிரித்தது ரயில் பாதை சார், கட்டடம் இல்லை. 1997-க்கு முன்னாலும் அந்தத் தண்டவாளங்கள் அங்கேதான் இருந்தன.

கான்சாய்க்காரன்:
நான் ஒரு வழி சொல்றேன். காலையில ஆறரைக்கு ஃபுஷிமி. அப்போ கூட்டம் இருக்காது, தோரணங்களுக்கு நடுவுல நம்ம காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஒன்பதுக்குள்ள நிலையத்துக்குத் திரும்பிடுங்க. அப்புறம் நடைவண்டி சொன்னபடி நடங்க. அரஷியாமாவை அடுத்த தடவைக்கு வெச்சுக்கோங்க. லாக்கர் மட்டும் முதல்லயே பிடிச்சுடணும், பத்து மணிக்கு மேல காலியா கிடைக்கிறது கஷ்டம்.

நடைவண்டி:
ஃபுஷிமிக்கு அந்த நேரம் என்றால் எனக்கு மறுப்பே இல்லை. மத்தியானம் போய் நெரிசலில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டு வருவதைத்தான் எதிர்க்கிறேன்.

புதுப்பயணி:
நான் அம்மாவோடு வருகிறேன், எங்களுக்குக் கிடைத்திருப்பது நவம்பர் 21. அம்மா சைவம். அன்றைக்கு இந்தத் திட்டம் சரிப்படுமா?

நடைவண்டி:
21 என்றால் உங்களுக்கு யோகம். கூகாய் மறைந்த நாள் 21 என்பதால், மாதா மாதம் அந்தத் தேதியில் தோஜி வளாகம் முழுக்கச் சந்தை. பழைய கிமோனோ, பீங்கான், ஊறுகாய், செடி எல்லாம் வரும். காலையிலேயே போய்விடுங்கள்.

இரு பிள்ளைத் தாய்:
சாப்பாட்டுல கவனம். சூப்னு எது கொடுத்தாலும் பெரும்பாலும் மீன்ல கொதிக்க வெச்ச தண்ணிதான். கடையில உமேபோஷிங்கிற ஊறுகாய்ப் பழம் வெச்ச ஓனிகிரி, அதாவது சோற்று உருண்டை கிடைக்கும், புளிப்பும் உப்புமா ஊறுகாய் வெச்ச சோறு மாதிரியே இருக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் கவர்ல என்ன போட்டிருக்குன்னு பார்த்து வாங்குங்க. எங்க அத்தை அதுலயே ரெண்டு வேளை ஓட்டினாங்க.

புதுப்பயணி:
எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சந்தை, மலை எல்லாம் இருக்கட்டும், முதலில் அந்தக் கூந்தல் வடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். காலை எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?