சிவப்பு விளக்கில் நின்றபோது மொபைலை எடுத்தேன், 6 புள்ளியாம்: லைசன்ஸ் போய்விடுமா?

புதுச்சக்கரம்
வணக்கம். இங்கிலாந்தில் இருக்கிறேன். டெஸ்ட் பாஸ் செய்து 14 மாதம்தான் ஆகிறது. சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தபோது ஸ்டாண்டில் இருந்த மொபைல் நழுவிக் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்துத் திரும்ப மாட்டினேன். மொத்தம் ஐந்து விநாடி இருக்கும். பக்கத்து லேனில் போலீஸ் வண்டி நின்றதைக் கவனிக்கவில்லை. விளக்கு மாறியதும் ஓரங்கட்டச் சொன்னார்கள். இப்போது 200 பவுண்ட் அபராதம், லைசன்ஸில் 6 தண்டனைப் புள்ளி என்று கடிதம் வந்திருக்கிறது.

என் கார் நின்றால் இன்ஜின் தானாகவே அணைந்துவிடும். வண்டி நகரவில்லை, இன்ஜின் ஓடவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. இதை எப்படி ‘ஓட்டும்போது பயன்படுத்தியது’ என்று சொல்லலாம்? எதிர்த்தால் நிற்குமா?

மழைக்குருவி
முதல் இரண்டு வாதமும் நிற்காது. சிக்னலில் நிற்பது, நெரிசலில் காத்திருப்பது எல்லாமே இங்கே ஓட்டுவதில்தான் சேரும். தானாக அணையும் இன்ஜினையும் அரசு வழிகாட்டியில் தனியாகக் குறிப்பிட்டே எழுதியிருக்கிறார்கள். உங்களைப் போல நிறையப் பேர் கேட்டிருப்பார்கள் போல. பாதுகாப்பான இடத்தில் முறையாக பார்க் செய்திருந்தால் மட்டும்தான் கையில் எடுக்கலாம்.

‘பேசவில்லை’ என்பது ஒரு காலத்தில் எடுபட்டது. விபத்து நடந்த இடத்தைக் கடக்கும்போது மொபைலில் வீடியோ எடுத்த ஒருவர் வழக்கில், அது தகவல் தொடர்பு ஆகாது, அதனால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2019இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த ஓட்டையை 2022 மார்ச் 25 முதல் அடைத்துவிட்டார்கள். இப்போது கையில் பிடித்துக்கொண்டு திரையை ஒளிரவைப்பது, மணி பார்ப்பது, பூட்டைத் திறப்பது, படம் எடுப்பது, வந்த அழைப்பைத் துண்டிப்பது வரை எல்லாம் ‘பயன்படுத்துவது’தான். ஃபிளைட் மோடில் இருந்தாலும் இதே கதை.

ஒரு கேள்வி. எடுத்து மாட்டினீர்கள், சரி. நடுவில் திரையைத் தொட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள், எல்லாமே அதில்தான் இருக்கிறது.

ரைன்கரை
ஜெர்மனியிலும் இந்த இன்ஜின் வாதத்துக்கு வழி இல்லை. இங்கே இன்ஜினை முழுதாக அணைத்து நிறுத்தியிருந்தால் போனை எடுக்கலாம். ஆனால் தானாக அணைவது அணைத்ததாகக் கணக்கில்லை என்று 2017 திருத்தத்திலேயே எழுதிவிட்டார்கள். பிரான்ஸ் இன்னும் கறார். சாலையோரம் இன்ஜினை அணைத்து, எச்சரிக்கை விளக்கும் போட்டு நின்றவரைக்கூட, முறையான பார்க்கிங்கில் இல்லை என்று 2018இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் விடவில்லை. 2015இலிருந்து காதில் இயர்போன் மாட்டி ஓட்டுவதும் அங்கே தடை. அந்தப் பக்கம் காரில் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீவுவாசி
சிங்கப்பூரில் வண்டி நகரும்போது கையில் பிடித்திருந்தால்தான் அந்தப் பிரிவு. உங்கள் வாதம் இங்கே எடுபட்டிருக்கும், ஆனால் நீங்கள் நின்ற சிக்னல் அங்கே இருக்கிறதே :)

புதுச்சக்கரம்
@மழைக்குருவி, மறைத்து என்ன பயன். வழி மாறிப்போயிருந்தது, கையில் இருக்கும்போதே மேப்பில் ஒரு தட்டு தட்டினேன். அப்புறம்தான் மாட்டினேன்.

மழைக்குருவி
அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். கீழே விழுந்ததை எடுத்து அப்படியே வைத்ததோடு நின்றிருந்தால், ‘பிடித்தேன், பயன்படுத்தவில்லை’ என்று வாதாடிப் பார்க்கலாம். அதே தட்டை ஸ்டாண்டில் மாட்டிய பிறகு தட்டியிருந்தால் கையில் பிடித்த குற்றமே வராது. கவனம் சிதறி வண்டி கட்டுப்பாட்டில் இல்லை என்று போலீஸ் நினைத்தால் அது வேறு பிரிவு, 3 புள்ளி.

பழையகியர்
புள்ளிக் கணக்குக்கு வருவோம், 200 பவுண்டை விட அதுதான் பெரிய அடி. டெஸ்ட் பாஸ் செய்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால், லைசன்ஸ் கொடுக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ அதை ரத்து செய்துவிடும். 2017 மார்ச்சுக்கு முன்பு இதே குற்றத்துக்கு 3 புள்ளிதான், புது ஓட்டுநர்கள் ஒரு முறை தப்பித்தார்கள். இப்போது ஒரே தட்டில் போய்விடுகிறது. வழக்கை இழுத்து இரண்டு வருடத்தைத் தாண்டவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தீர்ப்பு நாள் அல்ல, குற்றம் நடந்த நாள்தான் கணக்கு. நீதிமன்றம் போய்த் தோற்றால் அபராதம் 1,000 பவுண்ட் வரை போகலாம், செலவு தனி.

எதிர்ப்பதாக இருந்தால், கடிதத்தில் சொன்ன கெடு முடிவதற்குள் ஒரு போக்குவரத்து வழக்கறிஞரிடம் இப்போது எங்களிடம் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், அந்தத் தட்டையும் சேர்த்து. சாட்சி சொல்லப்போவது பக்கத்து லேனில் நின்று பார்த்த போலீஸ்காரர்.

புதுச்சக்கரம்
வழக்கறிஞரிடம் பேசினேன். அவரும் இதையேதான் சொன்னார், கொஞ்சம் மென்மையாக. அபராதத்தைக் கட்டிவிடப் போகிறேன். ரத்தான பிறகு கொஞ்சமும் ஓட்டவே முடியாதா? வேலைக்குப் போக வண்டி வேண்டும்.

பழையகியர்
ரத்துக் கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து என்று இருக்கும். அந்த நாள் முதல் தனியாக ஓட்டக் கூடாது. ப்ரொவிஷனல் லைசன்ஸுக்கு, அதாவது பழகுபவர் லைசன்ஸுக்கு விண்ணப்பித்து, தியரியும் பிராக்டிகலும் இரண்டும் திரும்ப எழுத வேண்டும். ப்ரொவிஷனல் கைக்கு வந்ததும் எல் பலகை மாட்டி, 21 வயது தாண்டிய, மூன்று வருடமாவது முழு லைசன்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டலாம். இன்சூரன்ஸ்காரர்களிடம் உடனே சொல்லிவிடுங்கள், பழைய பாலிசி செல்லாமல் போகலாம்.

புதுச்சக்கரம்
நன்றி அண்ணா. மனைவிக்கு ஆறு வருட லைசன்ஸ் இருக்கிறது, அவரே பக்கத்தில் உட்காரட்டும். தியரி புத்தகத்தைப் பாஸான அன்றே தம்பியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன், திரும்பக் கேட்க வேண்டும்.

மழைக்குருவி
அவரிடம் இதையும் சொல்லி வையுங்கள்: கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கும் அதே தடை. நீங்கள் ஓட்டும்போது அவரும் கையில் போனை எடுக்கக் கூடாது.

புதுச்சக்கரம்
சொன்னேன். இரண்டு போனும் இனி பின் சீட்டில் என்று தீர்ப்பாகிவிட்டது.