ரோரி கேலகரின் ‘ஐரிஷ் டூர் ’74’: அந்த கிடார் சவுண்டைப் பிடித்தவர்களின் அனுபவப் பகிர்வு

வால்வ்_வாசனை

‘ஐரிஷ் டூர் ’74’ அயர்லாந்து கிடார் கலைஞர் ரோரி கேலகரின் மேடைப் பதிவு ஆல்பம். அந்த சவுண்டுக்காகப் பெடல் வாங்கக் கிளம்புவதற்கு முன், கிடாரிலிருந்து ஆம்ப் வரை சிக்னல் போகும் பாதையைப் புரிந்துகொள்ளுங்கள். 70களின் முதல் பாதியில் ரோரி வைத்திருந்தது 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிடார், டாலஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர் (மேல் அலைவரிசையைத் தூக்கிவிடும் கருவி), வாக்ஸ் ஏசி30 என்ற 30 வாட் வால்வ் ஆம்ப். ரேஞ்ச்மாஸ்டர் காலால் மிதிக்கும் பெடல் அல்ல, ஆம்ப் மேல் உட்காரும் டப்பா. எப்போதும் ஆன். க்ளீன், அதாவது உடையாத தெளிவான சத்தம், வேண்டுமென்றால் கிடாரின் வால்யூமைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏசி30-இல் நார்மல் சேனலில் செருகுங்கள். ட்ரெபிள் தூக்கலான டாப் பூஸ்ட் சேனலில் ஏற்கெனவே இருக்கும் ட்ரெபிளோடு பூஸ்டரும் சேர்ந்தால் காதைக் கிழிக்கும். ‘கட்’ நாப் மற்ற டோன் நாப்களுக்கு நேர் எதிர்: ஏற்ற ஏற்ற ட்ரெபிள் குறையும். பாதியில் வைத்துத் தொடங்கலாம்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இதே பூஸ்டரைப் போட்டுவிட்டு “தகரம் மாதிரி இருக்கு” என்பவர்கள் நிறைய. பூஸ்டர் மேல் அலைவரிசையை மட்டும்தான் தூக்கித் தள்ளுகிறது. அதை வாங்கி நசுக்கித் தடிப்பாக்குவது ஏசி30-இல் உள்ள இ.எல்.84 பவர் வால்வுகளின் வேலை. வீட்டுக்குள் 30 வாட் கட்டுப்படியாகாது. இ.எல்.84 ஒன்றோ இரண்டோ உள்ள சின்ன ஆம்ப்பை முழுக்கத் திறந்து வைப்பதே நல்லது.

ஈயப்பற்று

பூஸ்டரை நீங்களே சால்டர் செய்வதென்றால் சாமான் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஓ.சி.44 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், 470கே, 68கே, 3.9கே ரெசிஸ்டர்கள், 10கே பாட் (வால்யூம் நாப்புக்கான சுழல் ரெசிஸ்டர்), கெப்பாசிட்டர்களில் சிக்னல் உள்ளே வரும் இடத்தில் 0.005 மைக்ரோஃபாரட், வெளியேறும் இடத்தில் 0.01, டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் 47. உள்வரும் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் பேஸும் சேர்ந்து உள்ளே வரும். கேட்க கனமாக இருக்கும், ஆனால் ஆம்ப் குழம்பிவிடும். மாற்றாதீர்கள்.

மூடும் முன் மல்டிமீட்டரை வைத்து டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் வோல்ட்டேஜைப் பாருங்கள். 9 வோல்ட் பேட்டரியில் மைனஸ் 7 பக்கம் வர வேண்டும். ஜெர்மானியத்தில் லீக்கேஜ் (தானாகக் கசியும் மின்னோட்டம்) உண்டு, வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அயர்லாந்தின் ஜனவரிக் குளிரில் நிற்கிற பயாஸ் (டிரான்சிஸ்டரின் அடிப்படை வோல்ட்டேஜ் அமைப்பு), சென்னையில் மே மாதத் திறந்தவெளி மேடையில் நிற்காது. கலெக்டர் மைனஸ் 5, 4 என்று இறங்கும், நோட்டு தொண்டை அடைத்தது போல ஆகும். 68கே இருக்கும் இடத்தில் 100கே ட்ரிம்மர் (திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்) போட்டு, மேடைச் சூட்டிலேயே சரிசெய்யுங்கள். ட்ரிம்மரைக் குறைத்தால் வோல்ட்டேஜ் மறுபடி 7 பக்கம் போகும்.

இன்னும் இரண்டு விஷயம். இது பாசிட்டிவ் கிரவுண்ட் சர்க்யூட், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் கிரவுண்ட். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் ஷார்ட் ஆகும், தனி பேட்டரிதான். பூஸ்டருக்கு முன்னால் ட்யூனரோ பஃபரோ (சிக்னலைத் தாங்கிக் கடத்தும் சர்க்யூட்) வைக்கக் கூடாது. பூஸ்டர் கிடாரின் பிக்கப்பை (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) நேராகப் பார்த்தால்தான் வால்யூமைக் குறைக்கும்போது அழகாக க்ளீன் ஆகும்.

மூன்றாம்_ஃப்ரெட்

ஆல்பத்தில் ‘எ மில்லியன் மைல்ஸ் அவே’ பாட்டு 9 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அந்த ஏற்ற இறக்கமெல்லாம் வலது கைச் சுண்டுவிரல் வேலை. வால்யூம் 3-4இல் தொடங்கி, சோலோவில் 10. கிடாரின் வால்யூம் பாட்டில் ட்ரெபிள் ப்ளீட் கெப்பாசிட்டர் (வால்யூமைக் குறைத்தாலும் ட்ரெபிளைக் காப்பது) இருந்தால் கழற்றிவிடுங்கள். வால்யூமைக் குறைத்ததும் ஊசி போலக் குத்துவது அதனால்தான்.

ரோரி டோன் நாப்பைச் சுழற்றி, வா-வா பெடல் போலக் கிடாரைப் பேசவைப்பார் அல்லவா, அதற்குச் சாதாரண ஸ்ட்ராட் ஒத்துழைக்காது. பழைய பாணிக் கம்பெனி வயரிங்கில் பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் முடியும் இடம்) பக்கப் பிக்கப்புக்கு டோன் நாப் கிடையாது. பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து வழி ஸ்விட்சில் இரண்டாவது டோன் பாட்டிலிருந்து வரும் வயரை நடு பிக்கப் முனையிலிருந்து எடுத்து பிரிட்ஜ் முனையில் சால்டர் செய்யுங்கள். அந்தக் கால ஸ்ட்ராட்டில் டோன் கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட், இப்போது வருபவை 0.022 அல்லது 0.047. பெரிய மதிப்பு போட்டால்தான் வாய் மூடித் திறப்பது தெளிவாகக் கேட்கும்.

கீழ்_ஸ்தாயி

எல்லாரும் கிடாரையே பேசுகிறீர்கள். பூஸ்டர் கீழ் அலைவரிசையைக் கத்தரித்துவிடுகிறது. அந்த ஓட்டையை அடைப்பது ரோரியின் குழுவில் ஜெரி மெக்கவாயின் பேஸும் லூ மார்ட்டினின் கீபோர்டும். ‘டாட்டூட் லேடி’யில் கீபோர்டு இல்லாமல் வாசித்துப் பாருங்கள், பாட்டு எலும்பாகத் தெரியும். மூன்று பேர் குழுவென்றால் பேஸ் பிளேயர் நடு அலைவரிசையை ஏற்றியே ஆக வேண்டும். இன்னொரு ரிதம் கிடார் சேர்ப்பது என் கருத்தில் கெட்ட யோசனை, ராட் டி’ஆத்தின் டிரம்ஸுக்கு மூச்சுவிட இடமிருக்காது.

வால்வ்_வாசனை

சரிதான். கூடவே, எதைக் கேட்டுப் பழகுகிறோம் என்பதும் முக்கியம். 1974 ஜூலையில் வந்த இந்த இரட்டை எல்பி ஆல்பம், பெல்ஃபாஸ்ட் அல்ஸ்டர் ஹால், டப்ளின் கார்ல்டன் சினிமா, கார்க் சிட்டி ஹால் என்று அந்த ஜனவரிச் சுற்றுப்பயணத்தின் தொகுப்பு. இசைக்கலைஞர் ரோனி லேனின் நடமாடும் ஸ்டூடியோவில் பதிவானது. கலவரம் உச்சத்தில் இருந்த பெல்ஃபாஸ்டுக்குப் பல குழுக்கள் எட்டிப்பார்க்காத காலம் அது. 2014 பெட்டித் தொகுப்பில் மூன்று ஊரும் தனித்தனி டிஸ்க்காக உள்ளன, ஒரே பாட்டை ஒப்பிடலாம். சவுண்டைப் படிக்க நான் சொல்வது கார்க் ஹாலில் கூட்டமில்லாமல் பதிவான ‘சிட்டி ஹால் இன் செஷன்’ டிஸ்க். கைதட்டல் இல்லாததால் நோட்டு எப்படித் தேய்ந்து முடிகிறது என்பது வரை கேட்கும்.

ஸ்லைடு_குழாய்

அதே ஆல்பத்தின் ‘ஆஸ் தி க்ரோ ஃப்ளைஸ்’ பாட்டு மட்டும் வேறு கணக்கு. நேஷனல் ரெசனேட்டர் (உள்ளே உலோகக் கோன் அதிர்ந்து ஒலிக்கும் கிடார்), ரோரியின் கழுத்தில் ஹார்மோனிகா, பூஸ்டர் கிடையாது. மைக்கைக் கோனுக்கு நேராக வைத்தால் தகரச் சத்தம்தான். கிடாரின் கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வைத்து, மானிட்டர் (மேடையில் வாசிப்பவருக்கான ஸ்பீக்கர்) பக்கம் மைக்கின் முதுகைத் திருப்புங்கள். அப்படியும் ஃபீட்பேக் ஆகிக் கூவினால் மானிட்டரில் கிடாரைக் குறையுங்கள், ஹார்மோனிகாவைத் தொடாதீர்கள்.