நேரத்தை மாற்றியது விமான நிறுவனம், ரத்துக் கட்டணம் எனக்கா?
மதுரையிலிருந்து சென்னை வழியாக டெல்லிக்கு அடுத்த மாதம் 4 டிக்கெட், ஒரே பிஎன்ஆர். நேற்று ராத்திரி ஒரு எஸ்எம்எஸ், மதுரை விமானம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறதாம். சென்னையில் மாறுவதற்கு மிஞ்சுவது 35 நிமிடம், அம்மாவுக்கு வேறு சக்கர நாற்காலி வேண்டும், எப்படி ஓடிப் பிடிப்பது? ஆப்பில் ‘ஏற்கிறேன்’, ‘ரத்து செய்’ என்று இரண்டே பட்டன். ரத்தை அழுத்தினால் தலைக்கு 3,500 ரூபாய் பிடித்தம் காட்டுகிறது (மாற்றியது நானா, அவர்களா?). டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) விதியில் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் வேறு விமானம் அல்லது முழுப் பணம் என்று இருக்கிறது, ஆனால் என் கதையில் தாமதம் சின்னது, இணைப்பு விமானம்தான் தவறிப்போகிறது. ஏஜென்டைக் கேட்டால் ‘நீங்களே பேசிக்கோங்க சார்’ என்கிறார். இன்னும் எதையும் அழுத்தவில்லை. இப்படி மாட்டியவர்கள் யாராவது கால் சென்டரில் பேசியே கட்டணமில்லாமல் மாற்றினீர்களா, இல்லை ஏர்சேவாவில் (விமானப் பயணிகளுக்கான அரசின் புகார் தளம்) புகார் கொடுத்தால்தான் அசைவார்களா?