ஒரு கூண்டு, இரண்டு வீடு: குஞ்சைக் கொன்றது தாய்தானா?

கொருக்குப்பேட்டை மாடிவீடு கேட்கிறார்:

வணக்கம். அவசரமான கேள்விதான், ஆனாலும் விவரம் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். பாதி சொல்லிப் பாதி மறைத்தால் பதில் சொல்கிறவர்களுக்குத்தான் சிரமம்.

எங்கள் மொட்டை மாடியில் ஒரு கூண்டு இருக்கிறது. நீளம் 4 அடி, அகலம் 2 அடி, உயரம் 3 அடி. கூண்டு என் செலவு, பறவைகள் கீழ்வீட்டு அண்ணன் செலவு. தீனி ஒரு மாதம் அவர், ஒரு மாதம் நான். அவருக்குத் துறைமுகத்தில் வேலை, எனக்கு அச்சகத்தில். எட்டு ஆண்டுகளாக மேலும் கீழும் குடியிருந்தும் தண்ணீர் லாரி வந்ததா என்பதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. இப்போது இரவு பத்து மணிவரை மாடியில்தான் இருக்கிறோம். சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குரல்தான்.

போன தை மாதம் கொளத்தூரில் ஒரு கடையில் மூன்று ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கினோம். எல்லாம் மூன்று, நான்கு மாதக் குட்டிகள். "மூக்கு நீலமாக இருந்தால் ஆண், மற்றதெல்லாம் பெண்" என்று ஒரே வரியில் பாடத்தை முடித்துவிட்டார் கடைக்காரர். ஒரு பச்சை ஜோடி, ஒரு நீல ஜோடி, ஒரு மஞ்சள் ஜோடி. மஞ்சளில் ஒன்றுக்குக் கண் கறுப்பு, மூக்கு நீலம். மற்றதற்குக் கண் சிவப்பு, மூக்கு ரோஜாவும் ஊதாவும் கலந்த நிறம். அதைப் பெண் என்று கொடுத்தார்.

யாருடைய குஞ்சு யாருக்கு என்பதில் பின்னால் மனத்தாங்கல் வரக்கூடாது என்று அண்ணனே தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, தீனி டப்பாவில் ஒட்டிவிட்டார்: "பச்சைக் குஞ்சு மாடிக்கு, நீலக் குஞ்சு கீழுக்கு, மஞ்சள் பொது."

ஆவணி கடைசியில் இரண்டு பானை கட்டினோம். மஞ்சள் ஜோடிக்குப் பானையில் நாட்டமே இல்லை. ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குச்சியிலேயே உட்கார்ந்திருக்கும். நீல ஜோடி ஒன்பது முட்டை இட்டது, ஒன்பதும் கூமுட்டை. செல்போன் விளக்கில் பிடித்துப் பார்த்தால் ஒன்றில்கூட சிவப்பு நரம்பு ஓடவில்லை. பச்சை ஜோடி ஐந்து முட்டை இட்டு நான்கு பொரித்தது. மூத்ததற்கு ஒன்பது நாள், கடைக்குட்டிக்கு மூன்று நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூமுட்டைகளை எறிந்துவிட்டு நீல ஜோடியின் பானையைக் கழுவிக் காய வைத்தேன். மழை மூட்டமாக இருந்ததால் அன்று காயவில்லை, திரும்பக் கட்டவும் இல்லை. மாலை ஐந்து மணிக்குத் தினை போடப் போனால் மூத்த குஞ்சுகள் இரண்டும் தரையில் கிடந்தன. தலை கிழிந்து உயிரில்லை. மூன்றாவதற்கு உச்சந்தலையில் காயம். கடைக்குட்டி மட்டும் பானைக்குள் தாயின் அடியில் இருந்தது. தாயின் அலகில் ரத்தம்.

"பெற்றதைத் தின்கிற பறவை நமக்கு வேண்டாம், நாளைக்கே கொண்டுபோய் விற்றுவிடு" என்கிறார் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பச்சைதான் என் விரலில் வந்து உட்காரும் ஒரே பறவை. தாயே குஞ்சைக் கொல்லுமா? விற்பதா, வேண்டாமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆண் என்று வாங்கிய நீலத்துக்குச் சின்னதில் மூக்கு வெளிர் நீலமாக, துளையைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு இருந்தது. இப்போது பழுப்படித்துச் சொரசொரப்பாகிவிட்டது. சத்துக் குறைவா?

பழைய புறாக்காரன், ஓட்டேரி:

தம்பி, கேள்வியைவிடக் கடைசியில் ஒட்டவைத்தீரே இரண்டு வரி, அதில்தான் விஷயம் இருக்கிறது. அது சத்துக் குறைவு இல்லை. அது பெட்டை.

மூக்கின் மேல் மெழுகுபோல் இருக்கும் சதை வளர்ந்த ஆணுக்கு நல்ல நீலம், பெட்டைக்குப் பழுப்பு. ஆனால் குட்டியில் கதை வேறு. வெளிர் நீலமும் துளையைச் சுற்றி வெள்ளை வளையமும் இருந்தால் பெட்டைக்குட்டி. முழுக்க ரோஜா ஊதாவாக இருந்தால் ஆண்குட்டி. உங்கள் கடைக்காரர் வளர்ந்த பறவையின் பாடத்தைக் குட்டிகளுக்கு நடத்திவிட்டார். சிவப்புக்கண் மஞ்சளில் ஆணுக்கு ஆயுள் முழுவதும் மூக்கு ரோஜா ஊதாதான், நீலம் ஆகவே ஆகாது. ஆக உங்கள் மஞ்சள் ஜோடி இரண்டு ஆண். நீல ஜோடி இரண்டு பெட்டை. ஆண் மூன்று, பெட்டை மூன்று. கணக்கு சரி, ஜோடிதான் தப்பு. ஒரு பானையில் ஒன்பது முட்டை என்றபோதே எனக்குச் சந்தேகம். நாலு முதல் ஆறுதான் வழக்கம். ஒன்பது என்றால் இரண்டு வயிற்றிலிருந்து வந்திருக்கும். கருக் கூடாமலும் பெட்டை முட்டையிடும், கோழி இடுவதில்லையா?

இப்போது கொலைக்கு வருவோம். இந்தப் பறவையின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்பகுதி, வறண்ட சீமை. மழை பெய்து புல் விதை பிடித்தால் உடனே முட்டையிட்டாக வேண்டும். அடுத்த மழை எப்போதோ. கூடு கட்டத் தெரியாது, மரப்பொந்துதான் வீடு. ஒரே மரத்தில் பல குடும்பம் இருந்தாலும் ஆளுக்கொரு பொந்து. பொந்துக்காகப் பெட்டையும் பெட்டையும் போடும் சண்டை இருக்கிறதே, எங்கள் தெருக் குழாயடியில்கூட அப்படிப் பார்த்ததில்லை. உங்கள் கூண்டில் பானைதான் பொந்து. முட்டையிடும் சூட்டில் இருந்த இரண்டு பெட்டைகளின் பொந்தைக் காலையில் எடுத்துவிட்டீர்கள். பொழுது சாய்வதற்குள் இருக்கிற ஒரே பொந்துக்குள் புகுந்து, உள்ளே இருந்ததை வெளியே எறிந்துவிட்டன. பச்சையின் அலகில் ரத்தம் என்றால் அது காவல் காத்த ரத்தமாகத்தான் இருக்கும். நீலங்களின் காலையும் மூக்கையும் பாருங்கள், கடி வாங்கிய தடம் கிடைக்கும்.

முதல் தடவை பெற்ற தாய் தன் குஞ்சைக் கொல்வதும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கொல்கிற தாய் மூன்று நாள் குஞ்சை அடியில் வைத்து அணைத்துக்கொண்டிருக்காது.

இன்றே நீலம் இரண்டையும் வேறு கூண்டில் போடுங்கள். இனிமேல் சேர்த்து வளர்த்தால் மூன்று ஜோடிக்கு ஐந்து பானை, எல்லாம் ஒரே உயரத்தில். ஒன்றை மேலே கட்டினால் எல்லாப் பெட்டைக்கும் அதுதான் வேண்டும். குஞ்சு இருக்கும்போது எந்தப் பானையையும் எடுக்காதீர்கள், நாறினாலும் சரி.

நான் முப்பது ஆண்டு பந்தயப் புறா வளர்த்தவன். முழங்கால் போய், மாடிப்படி ஏற முடியாமல் இந்தச் சின்னதுகளுக்கு வந்தேன். புறா கோபித்தால் பறந்துபோய்விடும், இதற்குப் போக இடமில்லை. அதனால் கூண்டுக்குள் நடப்பதற்கெல்லாம் நாம்தான் பொறுப்பு.

அப்புறம், இது லவ் பேர்ட்ஸ் இல்லை, பட்ஜி. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவுடையது. நம் ஊரில் யார் கேட்கிறார்கள்.

வேப்பேரியில் படிக்கிறவன்:

ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வயதான ஆணுக்கு விதைப்பையில் கட்டி வந்தாலும் நீல மூக்கு பழுப்பாகும். மூன்று, நான்கு வயதுப் பறவையாக இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். உங்களுடையது ஒரு வயதைத் தொட்ட பறவை. சின்னதில் வெள்ளை வளையமும் இருந்திருக்கிறது. பெட்டையேதான்.

காயம்பட்ட குஞ்சுக்கு மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்துத் தடவியிருந்தால் மெல்லத் துடைத்துவிடுங்கள். தாயின் வயிற்று இறகில் எண்ணெய் ஏறினால் அதன் சூடு காக்கும் தன்மை போய்விடும். நீர்த்த போவிடோன் அயோடினைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் போதும். தொண்டைக்குக் கீழே இரைப்பை வெளியே தெரியும், அது நிறைந்திருக்கிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். காலியாக இருந்தால் தாய் ஊட்டவில்லை. அப்போது தாமதிக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

விற்பது பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜி வெளிநாட்டுப் பறவை, அந்தத் தடை இதற்கு இல்லை. இரண்டும் பச்சை என்பதால் பலர் பயப்படுகிறார்கள்.

காசிமேட்டு அக்கா:

தம்பி, கொலை விசாரணையில் எல்லோரும் மும்முரமாக இருக்கிறீர்கள். ஒன்பது முட்டை போட்ட அந்த நீலங்களின் உடம்பில் சுண்ணாம்புச் சத்து மிச்சம் இருக்குமா என்று யாராவது யோசித்தீர்களா? அடுத்த முட்டை உள்ளே சிக்கிக்கொள்ளும். என் வெள்ளைப் பெட்டை அப்படித்தான் போனது. உடம்பைப் பந்துபோல உப்பிக்கொண்டு கூண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தது. வால் ஏறி ஏறி இறங்கியது. குளிர் என்று நினைத்து ஒரு துணியைப் போர்த்திவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் வந்து பார்த்தால் இல்லை. இன்றைக்கும் அந்தத் துணியை நான் வேறெதற்கும் எடுப்பதில்லை.

கடம்பா ஓடு, அதாவது கணவாய் மீனின் ஓடு, தொங்கவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று காசுக்கு விற்பது அதுதான். இங்கே மீன் கழுவுகிற இடத்தில் சும்மா கிடைக்கும். ஆனால் அப்படியே வைக்கக்கூடாது, உப்பு. நல்ல தண்ணீரில் நான்கு நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, வெயிலில் நன்றாகக் காய்ந்தபிறகு மெதுவான பக்கம் பறவையைப் பார்த்திருக்கும்படி கட்டுங்கள். அவித்த முட்டையை ஓட்டோடு நசுக்கி வாரம் இரண்டு நாள் கொடுங்கள், முருங்கைக்கீரையும் போடுங்கள். வெறும் தினையை வைத்துக்கொண்டு பிள்ளைபெறச் சொன்னால் எப்படி?

போகிக்குக் கூண்டை வீட்டுக்குள் இறக்கிவிடுங்கள். நம் பக்கம் டயர் கொளுத்துகிற புகையில் மனிதர்களே இருமுகிறோம், இதன் நுரையீரல் எவ்வளவு இருக்கும்? இரண்டு மாதம்தான் இருக்கிறது, அதனால் இப்போதே சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டை மாடிவீடு:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

ஐயா சொன்னபடி அன்றிரவே டார்ச் அடித்துப் பார்த்தோம். மூக்கு பழுத்த நீலத்துக்கு இடதுகாலில் ஒரு விரல் நுனி இல்லை. பச்சை நன்றாகத்தான் கடித்திருக்கிறது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு பழைய கூண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்; நீலங்கள் இப்போது அதில் இருக்கின்றன. பானையை எடுத்தது நான் என்பதை அவர் இன்றுவரை சொல்லிக்காட்டவில்லை. நான் அவரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

கடைக்குட்டி பிழைக்கவில்லை. இரண்டாம் நாள் காலை இரைப்பை காலியாக இருந்தது. வேப்பேரிக்கு எடுத்துப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

தலையில் அடிபட்டது பிழைத்துக்கொண்டது. உச்சியில் காசளவு வழுக்கை, மற்றபடி சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் இப்போது புதுச் சிக்கல். முளைக்கிற இறகு நீலம், முகம் வெள்ளை! அப்பனும் பச்சை, ஆத்தாளும் பச்சை. "அன்றைக்கு உள்ளே புகுந்த நீலத்தின் முட்டையாக இருக்கும், குஞ்சு என்னுடையது" என்று கிளம்பியிருக்கிறார் அண்ணன். நீலம் இரண்டும் பெட்டை என்று அவரும்தான் ஒத்துக்கொண்டார்!

பழைய புறாக்காரன், ஓட்டேரி:

குஞ்சு பொரிந்தபிறகு உள்ளே புகுந்த நீலம் எப்படியய்யா முட்டை வைக்கும்? கேட்டுச் சொல்லுங்கள்.

பச்சைக்குள் நீலம் ஒளிந்திருக்கும் தம்பி. 1840-இல் ஜான் கோல்டு என்ற பறவை ஆய்வாளர் இவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோது வந்தது பச்சைதான். இன்று நாம் பார்க்கிற நீலம், வெள்ளையெல்லாம் கூண்டில் வளர்த்துப் பெருக்கிய நிறங்கள். பச்சை மேலோங்கும், நீலம் பதுங்கும். அப்பன் ஆத்தாள் இருவருக்குள்ளும் நீலம் பதுங்கியிருந்தால் நான்கில் ஒன்று நீலமாகப் பிறக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்கு நான்கு பொரித்து, அந்த ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

அடுத்தது ஒரு வேடிக்கை. அந்தச் சிவப்புக்கண் மஞ்சளை நீலப் பெட்டையோடு தனியாகச் சேர்த்துவிடுங்கள். பிறக்கிற பெட்டைக்குஞ்சு எல்லாவற்றுக்கும் கண் சிவப்பு, ஆண்குஞ்சு எல்லாவற்றுக்கும் கறுப்பு. மூக்குக்காகக் காத்திருக்க வேண்டாம், பொரித்த அன்றே மூடிய இமைக்குள்ளேயே நிறம் தெரியும். எந்தக் கடைக்காரரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை.

காலண்டர் தாளில் "நீலக் குஞ்சு கீழுக்கு" என்றுதானே எழுதியிருக்கிறது? "நீல ஜோடியின் குஞ்சு" என்று இல்லையே. அச்சகத்தில் வேலை பார்க்கிறவர் நீங்கள், ஒட்டுவதற்கு முன் மெய்ப்புப் பார்த்திருக்க வேண்டாமா? அண்ணனுக்குத்தான் போகும். ஆனால் 35 நாளாவது ஆகட்டும். பானையை விட்டு வெளியே வந்தபிறகும் சில நாள் அப்பன்தான் ஊட்டும். தானே தினையை உடைத்துத் தின்பதைக் கண்ணால் பார்த்தபிறகு கீழே இறக்குங்கள்.

கொருக்குப்பேட்டை மாடிவீடு:

அண்ணனிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "கீழே எதற்கு, மாடியிலேயே இருக்கட்டும்" என்றார். அவர் மகள் அதற்குள் "வழுக்கை" என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறாள். கடம்பா ஓடு மூன்றாவது நாளாக ஊறுகிறது அக்கா.