தமனின்னா நல்ல ரத்தம்னா, நுரையீரல் தமனில மட்டும் ஏன் கெட்ட ரத்தம்?

மஞ்சக்குப்பம் அப்பா:
பொண்ணு பத்தாவது, நாளைக்கு சயின்ஸ் டெஸ்ட். தமனில நல்ல ரத்தம் சிரைல கெட்ட ரத்தம்னு நான் படிச்ச காலத்துலேர்ந்து மண்டைல இருக்கு, அதையே சொல்லிக்குடுத்தேன், அவ புக்க தூக்கிட்டு வந்து அப்போ நுரையீரல் தமனில மட்டும் ஏன்ப்பா மாத்தி போட்ருக்குன்னு கேக்குறா. முழிச்சிட்டு இருக்கேன். அப்புறம் படத்துல இடதுன்னு போட்டதெல்லாம் நம்ம வலது கை பக்கம் இருக்கு, பிரிண்டிங் மிஸ்டேக்கா?

ஓ.டி. பையன்:
சிரைல ஓடுறது நீல ரத்தம்ணா, கைல நரம்பு நீலமா தெரியுதுல்ல

பாண்டி நைட் டியூட்டி:
நீலமெல்லாம் இல்ல தம்பி, லேப்ல ரத்தம் எடுக்குறதே சிரைலதான், ட்யூப்ல பாரு கருஞ்சிவப்பா இருக்கும். தோல் வழியா பாக்குறதால நீலமா தெரியுது. அது நரம்பும் இல்ல (நாங்களே வார்டுல நரம்பு கிடைக்கலன்னுதான் சொல்றோம், அது வேற கதை).

அண்ணா, ரத்தத்த பாத்து பேர் வைக்கல, போற திசைய பாத்துதான். இதயத்துலேர்ந்து வெளிய போனா தமனி, இதயத்துக்கு வந்தா சிரை. அவ்ளோதான். உடம்ப சுத்தி வந்த ரத்தம் வலது ஆரிக்கிள் (இதயத்தோட மேல் அறை), வலது வெண்ட்ரிக்கிள் (கீழ் அறை)னு வந்து ஆக்சிஜன் ஏத்திக்க நுரையீரலுக்கு கெளம்புது, வெளிய போற குழாய்ங்கறதால அது தமனி. ஆக்சிஜனோட இடது ஆரிக்கிளுக்கு திரும்பி வர்றது நுரையீரல் சிரை. அங்கேர்ந்து இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, உடம்பு முழுக்க. கெட்ட ரத்தம்ங்கற பேச்சே தப்பு, ஆக்சிஜன் கம்மி, அவ்ளோதான். படமும் சரிதான், எதிர்ல நிக்கிறவரோட இடது அது.

வில்லியனூர் வாத்தியார்:
சிஸ்டர் சொன்னது சரி. மனப்பாடம் பண்ண வைக்காம ஒரு ஆட்டு இதயம் வாங்கி குறுக்க வெட்டி காட்டுங்க, கடைக்காரர்கிட்ட முழுசா வேணும்னு முன்னாடியே சொல்லணும் இல்லன்னா துண்டு போட்டுடுவார். ஒரு பக்க சுவர் தடியா இருக்கும், அதான் இடது வெண்ட்ரிக்கிள், மனுஷங்களுக்கு வலதைவிட ஏறக்குறைய மூணு மடங்கு தடிமன். ரெண்டு பக்கமும் தள்ளுற ரத்தம் ஒரே அளவுதான், சும்மா இருக்கப்ப நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர். ஆனா வலதுக்கு வேலை பக்கத்துல இருக்க நுரையீரல் வரைக்கும்தான், பி.பி. பாக்குற கணக்குல 25 அளவு பிரஷர் போதும், இடது தலைலேர்ந்து கால் வரைக்கும் அனுப்பணும், அதுக்குத்தான் 120.

ரத்தம் ஒரே திசைல சுத்துதுன்னு 1628ல வில்லியம் ஹார்வி எழுதுனார், அவர் காட்டுன வித்தை வீட்லயே செய்யலாம். கைய தொங்கவிட்டு பொடைச்ச சிரை மேல மணிக்கட்டு பக்கம் ஒரு விரல அழுத்தி வைங்க, இன்னொரு விரலால முழங்கை பக்கமா நீவி எடுத்துடுங்க. காலியாவே கெடக்கும், உள்ள வால்வு இருக்கதால மேலேர்ந்து ரத்தம் எறங்காது. கீழ் விரல எடுத்தா டக்குனு நிரம்பிடும்.

மஞ்சக்குப்பம் அப்பா:
வித்தை என் கைல ஆகல, அம்மா கைல சூப்பரா வந்துச்சு, பொண்ணு பாட்டிய விடவே இல்ல. ஞாயித்துக்கெழமை ஆட்டு இதயமும் வாங்கியாச்சு சார், தடியான பக்கத்த அவளே கண்டுபுடிச்சிட்டா, வீட்டம்மாதான் வறுவலுக்கு லேட்டாவுதுன்னு கரண்டியோட நின்னாங்க.