மறு: பூங்காவுக்குள் சுற்றும் பழைய நீராவி ரயிலுக்கு என்ன சொல்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> 'பாரம்பரிய ரயில்' போதாதா? நாளிதழ்கள் அப்படித்தானே எழுதுகின்றன?

போதாது, ஆச்சி. அந்தச் சொல்லை ஊட்டி மலை ரயில் எடுத்துக்கொண்டுவிட்டது. 1899-இல் குன்னூர் வரை வந்து, 1908-இல் உதகையை எட்டிய பாதை அது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் ஏறியவர் 46 கிலோமீட்டர் தாண்டி உதகையில் இறங்குகிறார். நாம் பெயர் தேடுவது, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும் வண்டிக்கு.

அமெரிக்காவில், வட கரோலினாவின் ட்வீட்சி கேளிக்கைப் பூங்காவைப் பாருங்கள். அங்குள்ள 12-ஆம் எண் எஞ்சின் 1917-இல் பால்ட்வின் ஆலையில் செய்தது. டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் இடையே தண்டவாள இடைவெளி மூன்றடியே உள்ள குறும்பாதையில் ஆளையும் சரக்கையும் இழுத்தது. அந்தப் பாதையை 1950-இல் மூடிவிட்டார்கள். 1957-லிருந்து அதே எஞ்சின் பூங்காவுக்குள் மூன்று மைல் வட்டமடிக்கிறது. நடுவழியில் கொள்ளையர் வேடக்காரர்கள் வந்து மறிக்கிறார்கள். எஞ்சின் நிஜம், கொள்ளை நாடகம். சொல் இரண்டையும் தாங்க வேண்டும். 'பொம்மை ரயில்' என்றால் எஞ்சினுக்கு அவமரியாதை. 'சுற்றுலா ரயில்' என்றால் காசி யாத்திரைக்கு டிக்கெட் கேட்பார்கள்.

என் முன்மொழிவு: உலாப் புகைவண்டி.

டீசலும் மின்சாரமும் வந்தபின் "எங்கே புகை?" என்று கேட்டுத்தான் 'புகைவண்டி'யை ஒதுக்கி, 'தொடர்வண்டி'க்குப் போனோம். இங்கோ புகை உண்டு. அதைப் பார்க்கத்தான் கூட்டமே வருகிறது. எங்கள் பக்கத்தில் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகள் சிலவற்றை இடிக்காமல் விடுதியாக்கினார்களே, அப்படிச் சும்மா கிடக்கும் சொல்லுக்கும் ஒரு வேலை கொடுப்போம். உலா என்பது சாமி புறப்பாடு: வீதி சுற்றிக் கோயிலுக்கே திரும்புவது. வேறு ஊர் போய்ச்சேரும் பேச்சே இல்லை.

> இலங்கையில் டீசல் வண்டியும் புகையிரதம்தான். குழப்பம் வராதா?

அது புகையிரதம், இது புகைவண்டி; முன்னால் 'உலா' வேறு நிற்கிறது. யாரும் குழம்பமாட்டார்கள்.

> எண்ணெய் எரிக்கும் நீராவி எஞ்சின்கள்?

டென்னசியின் டாலிவுட் பூங்காவில் பல பத்தாண்டுகள் நிலக்கரிதான் எரித்தார்கள். எண்ணெய் எரித்தாலும் புகை வராமலா போகும்? இதற்குத் தனிச் சொல் தேவையில்லை.

'மரபு' என்ற அடைமொழியை மட்டும் சிக்கனமாகச் செலவிடுங்கள். 1955-இல் திறந்த டிஸ்னிலாந்தின் முதல் இரண்டு எஞ்சின்கள் பூங்காவுக்கென்றே செய்தவை. மூன்றாவது, 1894-இல் பால்ட்வின் செய்து, லூசியானா கரும்புத் தோட்டத்தில் உழைத்தது. மூன்றும் உலாப் புகைவண்டி எஞ்சின்களே. ஆனால் மூன்றாவதைத்தான் மரபு எஞ்சின் என்பேன். வெளியே உழைத்த வரலாறு இல்லாததற்கு அந்தப் பட்டம் வேண்டாம். தண்டவாளமும் நிலையமும் சேர்ந்த முழு அமைப்பைச் சொல்ல 'உலாப் புகைவண்டிப் பாதை' போதும்.

எஞ்சினில் கரி அள்ளிப்போட்டுத் தீயைக் கவனிக்கும் ஃபயர்மேனுக்குத் 'தீயாளர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. ஃபயர்மேன் என்றே இருக்கட்டும். கரி எஞ்சின் காலத்தில் காரைக்குடி ஸ்டேஷனிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

கானாடுகாத்தானிலிருந்து,
பட்டியல் தொகுப்பவன்